மலைக்கு முதுகு காட்டியவள்

வந்த முதல் நாளே அந்தப் பெண் மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததுதான் வெர்னிஸுக்கு உறுத்தியது.

மான்செராட் தீவின் ஓல்வெஸ்டனில் வெர்னிஸ் ஃபென்டன் நடத்தும் விடுதியில் இரண்டே அறைகள். ஆனால் அதன் வராந்தாவிலிருந்து எரிமலை முழுசாகத் தெரியும். வருகிறவர்கள் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே அங்கே போய் நின்றுவிடுவார்கள். உச்சியில் புகை எழும்பினால் கைப்பேசியைத் தூக்குவார்கள். மேகம் மூடியிருந்தால், ஏதோ வெர்னிஸ்தான் மூடி வைத்த மாதிரி அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். இவளோ நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள்ளே பார்த்தபடி உட்கார்ந்து, கொடுத்த இஞ்சிச் சாற்றை மெதுவாகக் குடித்தாள்.

பெயர் கிஸ்லேன் என்றாள். தெற்கே கடலைத் தாண்டி இருக்கும் குவாடலூப்பிலிருந்து வந்தவள். ஐம்பதைக் கடந்திருப்பாள், ஒல்லி, தலையில் கட்டிய துணிகூட இஸ்திரி போட்டது. எதற்காக வந்தீர்கள் என்று கேட்டதற்கு, எரிமலை பார்க்க என்றாள்.

"உங்க ஊர்லயே ஒண்ணு புகைஞ்சுக்கிட்டிருக்கே?" என்றாள் வெர்னிஸ்.

"அது பழகிப்போச்சு மிஸ் வெர்னிஸ். வேற ஒண்ணு பாக்கலாம்னு."

பதில் சரியாகத்தான் இருந்தது. அந்தப் பதில் வந்த விதம்தான் சரியில்லை. குவாடலூப்காரர்கள் பிரெஞ்சுக்காரர்கள், ஆங்கிலம் பேசினால் ஒவ்வொரு வார்த்தையையும் தடவித் தடவிப் பிடிப்பார்கள். இவள் மான்செராட்டிலேயே பிறந்தவள் மாதிரி, அதிலும் எரிமலை விழுங்கிவிட்ட தெற்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் மாதிரி, கடைசிச் சொல்லை இழுத்துப் பேசினாள். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று வெர்னிஸ் கேட்டாள். வேலை செய்த இடத்தில் என்று சொல்லிவிட்டு, கோப்பைக்குள் பார்த்தாள்.

மறுநாள் ரொட்டி வாங்கப் போன இடத்தில் பேக்கரிக்கார இடோனா ஒரு சேதி வைத்திருந்தாள். அந்தப் பிரெஞ்சுக்காரி காலையிலேயே கடைக்கு வந்தாளாம். தெற்கே இருந்து வந்து குடியேறியவர்கள் யார் யார், பழைய மீனவர்களில் இன்னும் படகு வைத்திருப்பவர்கள் யார் என்று கேட்டாளாம். இடோனாவுக்குச் சந்தேகமே இல்லை. எரிமலை மணலை அள்ளிக் கப்பலேற்றும் ஆட்கள் வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் கடத்தல்.

"உன் வீட்ல தங்க வச்சிருக்கியே, அறைக் கதவைப் பூட்டிக்கிட்டுப் படு," என்றாள்.

வெர்னிஸ் சிரித்து வைத்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் கிஸ்லேனின் அறையைப் பெருக்குகிற சாக்கில் ஒரு சுற்றுப் பார்த்தாள். இரண்டு மாற்றுடை, ஒரு ஜெபமாலை, கால்வலித் தைலம். எரிமலை பார்க்க வந்தவளிடம் ஒரு கேமராகூட இல்லை.

அன்று மதியம் ஆட்டுக்கறிச் சாறு வைத்திருந்தாள். கிஸ்லேன் ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்துத் தோய்த்து நன்றாகவே சாப்பிட்டாள். வெர்னிஸ் இன்னொரு கரண்டி ஊற்றப் போனபோது, கிஸ்லேன் கிண்ணத்தின் மேல் கையை வைத்து மறித்தாள்.

"போதும். வயிறு கதவைச் சாத்திடுச்சு."

கரண்டி அந்தரத்திலேயே நின்றது. சாறு மேசை விரிப்பில் சொட்டியது.

அந்தப் பேச்சு இந்தத் தீவில் யாரும் பேசுவதில்லை. அது ஒரே ஒரு வீட்டுப் பேச்சு. வெர்னிஸின் மாமனார் சொல்வார். அவரிடமிருந்து அவருடைய மகன் பிடித்துக்கொண்டான். அந்த மகன்தான் வெர்னிஸின் கணவன் ஹெஸ்கெத். அவன் செத்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

வெர்னிஸ் துணியை எடுத்து மேசையைத் துடைத்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இவள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருப்பாள் என்று தோன்றியது. பாத்திரங்களை அலமாரியில் அடுக்கும்போது அதன் கண்ணாடியில் பின்பக்கம் தெரிந்தது. கிஸ்லேன் எழுந்துபோய், சுவரில் மாட்டியிருந்த ஹெஸ்கெத்தின் படத்துக்கு நேரே நின்றிருந்தாள். முன்பின் தெரியாதவரின் படத்தை ஒருத்தர் பார்ப்பது வேறு. இவள் காய்ச்சல்காரனின் முகத்தைப் பார்ப்பதுபோல், கன்னம், நெற்றி, காது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெர்னிஸ் திரும்பியதும் தண்ணீர் எடுக்க வந்தவள்போல் நகர்ந்துகொண்டாள்.

ஹெஸ்கெத் செத்த கதை தீவுக்கே தெரியும். மலை வெடிக்கத் தொடங்கியபின் தெற்கு முழுவதையும் காலி செய்து, சனங்களை வடக்கே கொண்டுவந்து போட்டார்கள். வெர்னிஸும் ஹெஸ்கெத்தும் ஒரு சர்ச் கூடத்தில் இருந்தார்கள். குடும்பத்துக்குக் குடும்பம் நடுவில் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான் சுவர். பக்கத்து விரிப்பில் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் தூக்கம் போய்விடும். இவர்களுக்குக் குழந்தை இல்லை. மற்றவர்களின் குழந்தைகள் எல்லாம் இவர்கள் கட்டிலைச் சுற்றித்தான் ஓடும். மாடு வைத்திருந்த ஆண்கள் போலீசுக்குத் தெரியாமல் மூடிய பகுதிக்குள் போய்த் தீனி வைத்துவிட்டு வருவார்கள். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு முன்பு ஹெஸ்கெத்தும் அப்படித்தான் செயிண்ட் பாட்ரிக்ஸுக்குப் போனான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மலையின் ஒரு பக்கம் அப்படியே சரிந்து, செயிண்ட் பாட்ரிக்ஸை வழித்துக் கடலில் தள்ளிவிட்டது. ஹெஸ்கெத் திரும்பவில்லை. அவனுடைய செவலை மாடு மட்டும், முதுகெல்லாம் சாம்பலோடு, தானாக வடக்கே நடந்து வந்து சேர்ந்தது. அதன் கழுத்துக் கயிறு அறுந்திருக்கவில்லை. அவிழ்த்து விடப்பட்டிருந்தது. சாவதற்கு முன்னால் மாட்டை அவிழ்த்து விட்டானே என்று வெர்னிஸ் அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். சவப்பெட்டி இல்லாமலே பாதிரியார் அடக்க ஜெபம் செய்தார். வருடா வருடம் அந்த நாளில் சர்ச்சில் அவன் பெயரைப் படிப்பார்கள்.

அன்று பிற்பகல் வெர்னிஸ் காரை எடுத்தாள். "வாங்க, மலை பாக்க வந்தவங்கள மலை பாக்காம அனுப்பக் கூடாது," என்று கிஸ்லேனை ஏற்றிக்கொண்டு கரிபால்டி குன்றுக்குப் போனாள். கீழே பிளிமத் நகரம் சாம்பல் சேற்றுக்குள் கூரைகளை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தது. கந்தக வாடை அடித்தது. கிஸ்லேன் நகரத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தெற்கே மலைத்தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செயிண்ட் பாட்ரிக்ஸ் இங்கிருந்து தெரியாதா?"

"தெரியாது. மலைக்குப் பின்னாடி. அந்த ஊர் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கயோ படிச்சேன்."

"அங்கதான் என் புருஷன் செத்தான்," என்று சொல்லிவிட்டு வெர்னிஸ் அவள் முகத்தையே பார்த்தாள். அனுதாபப்படுகிறவர்கள் வாயைத் திறப்பார்கள். ஐயோ என்பார்கள், கையைப் பிடிப்பார்கள். கிஸ்லேன் வாயை இறுக்க மூடிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, உடம்பு கிடைத்ததா என்று கேட்டாள். இல்லை என்றாள் வெர்னிஸ். கிஸ்லேன் தலையை ஆட்டினாள். தனக்கு முன்பே தெரிந்ததை ஒருத்தர் உறுதிப்படுத்தும்போது ஆட்டுவதுபோல் இருந்தது அது.

ஹெஸ்கெத்துக்குக் குவாடலூப்பில் இன்னொருத்தி இருந்திருக்கிறாள், திரும்பி ஓட்டும்போது வெர்னிஸுக்குத் தோன்றிய முதல் எண்ணம் இதுதான். மீன் விற்கப் போகிற படகுகளில் அவனும் போய் வந்தவன்தானே. ஆனால் ஓல்வெஸ்டன் வளைவில் திரும்புவதற்குள் அது உடைந்துவிட்டது. எப்போதாவது வந்துபோகிறவனிடம் ஒருத்தி இந்த அளவுக்குப் பேச்சைக் கற்க முடியாது. வார்த்தை வார்த்தையாக, இழுப்போடு, வீட்டுப் பேச்சோடு கற்பதற்கு வருடங்கள் வேண்டும். செத்தவனுக்கு அந்த வருடங்கள் எங்கிருந்து வரும்? கிஸ்லேனை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, கடைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, நேரே லிட்டில் பே துறைக்குப் போனாள்.

ஆம்ப்ரோஸ் கிரீனவே கரையில் கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் உட்கார்ந்து மீன் பிடிக்கும் கூண்டின் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். ஹெஸ்கெத்தின் ஒன்றுவிட்ட தம்பி. அந்தக் காலத்திலும் சரி, இப்போதும் சரி, அவனிடம்தான் நல்ல படகு. ஹெஸ்கெத்தின் பெயரைப் படிக்கிற நாளில் வெர்னிஸுக்குப் பக்கத்தில் உட்காருகிறவன் அவன்தான். கருவாடோ பச்சை மீனோ, எதைக் கொண்டுவந்தாலும் காசு வாங்கமாட்டான்.

"என் வீட்டுக்கு ஒரு பொம்பள வந்திருக்கா, ஆம்ப்ரோஸ். குவாடலூப்காரி. பேரு கிஸ்லேன்."

கம்பி நின்றது.

"வயிறு கதவைச் சாத்திடுச்சுன்னு சொல்றா."

அவன் நிமிரவில்லை. அவன் மறுத்திருந்தால், என்ன உளறுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், வெர்னிஸ் நம்பிப் போயிருப்பாள். நம்பத்தான் வந்திருந்தாள். ஆனால் அவன் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றினான்.

"ஒரு வாரம்னுதான் சொன்னான், வெர்னி."

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. ஹெஸ்கெத் மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டுக் கரைக்கு வந்தான். கொஞ்சநாள் குவாடலூப் பக்கம் இருந்து மூச்சு விட்டுவிட்டு வருகிறேன் என்றான். ஆம்ப்ரோஸ் கொண்டுபோய் விட்டான். மலை சரிந்தபின் தீவே அவன் செத்தான் என்றது. ஆம்ப்ரோஸ் போய்ச் சொன்னபோது, நான் வரவில்லை, அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டான். சொன்னால் படகில் ஏற்றிக்கொண்டு போனதற்குப் போலீஸ் பிடிக்குமோ என்று ஆம்ப்ரோஸ் முதல் வருடம் பயந்தான். அடுத்தடுத்த வருடங்களில் வெர்னிஸுக்குப் பயந்தான்.

"ஒவ்வொரு வருஷமும் எம்பக்கத்துல உக்காந்து ஆமென் சொன்னியே," என்றாள் வெர்னிஸ். "அது யாருக்குச் சொன்ன ஆமென்?"

ஹெஸ்கெத் இருக்கானா, செத்தானா என்று கேட்டாள். இருக்கிறான் என்றான்.

வீட்டுக்கு வந்தபோது கிஸ்லேன் சமையலறையில் வெர்னிஸின் சட்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெர்னிஸ் குழாயை மூடினாள்.

"என் புருஷனை எம்மேல தள்ளிட்டுப் போக வந்தியா?"

கிஸ்லேன் கையைத் துடைத்தாள். பயந்தவளாகத் தெரியவில்லை, சுமையை இறக்க இடம் கிடைத்தவள் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் சொன்ன கதையில் அவன் பெயர் ஹெஸ்கெத் இல்லை, ஜோசஃப். வாழைத் தோட்டத்தில் வேலைக்கு வந்தான். மனைவி எரிமலையில் செத்துவிட்டாள், ஊரில் யாரும் இல்லை என்றான். அவள் நம்பினாள். அவனோடு குடும்பம் நடத்தினாள், அவன் பேச்சையும் கற்றாள். போன வருடம் பக்கவாதம் வந்தது. எழுந்து உட்கார்ந்தபோது அவளுடைய மொழி அவன் வாயிலிருந்து மறைந்துவிட்டது. ஆங்கிலத்தில் மட்டும் பேசினான். காலையில் எழுந்ததும் வெர்னி, டீ போட்டாச்சா என்று கேட்டான். ஆம்ப்ரோஸ் வந்தால் சொல்லு என்றான்.

"செத்தவளைக் கூப்பிடுறான்னுதான் முதல்ல நெனச்சேன்," என்றாள் கிஸ்லேன். "அப்புறம் உங்க விடுதிப் பேரு கண்ல பட்டுது. வெர்னிஸ் இல்லம். அதே தீவு. அப்பவும் நம்பல. வந்து பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன். அந்தப் படத்தப் பாக்கிற வரைக்கும் நீங்க வேற யாராவதா இருக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன், மிஸ் வெர்னிஸ்."

வெர்னிஸ் அதையும் முழுசாக நம்பவில்லை. ஒருத்தன் இத்தனை வருடம் ஏமாற்றியிருக்கும்போது அவன் வீட்டிலிருந்து வருகிறவளை எந்த அளவுக்கு நம்புவது? பக்கவாதம் வந்தவனைப் பார்த்துக்கொள்வது அலுத்துப்போய் வந்திருக்கலாம். சாகப் போகிறவனுக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு போக வந்திருக்கலாம். அன்றைக்கு இரண்டு பெண்களும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு கதவைத் தாழிட்டுக்கொண்டு படுத்தார்கள். விடிந்ததும் வெர்னிஸ் ஆம்ப்ரோஸைக் கூப்பிட்டு, படகைத் தயார் பண்ணு என்றாள். அவன் மறுபேச்சுப் பேசவில்லை.

கடல் அமைதியாகத்தான் இருந்தது. மான்செராட்டின் தெற்குமுனையைச் சுற்றி வரும்போது, செயிண்ட் பாட்ரிக்ஸ் இருந்த இடத்தில் கறுத்த கல்லும் மண்ணும் விசிறிபோல் கடலுக்குள் இறங்கியிருந்தது. கிஸ்லேன் இப்போதுதான் மலையை நேருக்கு நேர் பார்த்தாள். வெர்னிஸ் பார்க்கவில்லை.

கிஸ்லேனின் வீடு, குவாடலூப்பின் வடமேற்குக் கரையில் ஒரு மீனவ ஊரில் இருந்தது. நீலக் கதவு, முற்றத்தில் ஈரப்பலா மரம். அந்த மரத்தடியில் ஒரு கிழவன் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிஸ்லேன் இல்லாத நாட்களில் பார்த்துக்கொண்ட அவள் தங்கை உள்ளே போனாள். ஆம்ப்ரோஸ் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டான்.

வெர்னிஸ் அவனுக்கு எதிரே போய் நின்றாள். ஒரு பக்க வாய் கோணியிருந்தது. வலது கை மடியில் செத்துக் கிடந்தது. கண் மட்டும் பழைய கண். அது அவளை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, மரத்துக்குப் போனது.

"யாரு இது?" என்று கிஸ்லேனிடம் கேட்டான். "கடைக்காரம்மாவா?"

கிஸ்லேன் வெர்னிஸின் தோளைத் தொட்டாள். ஆட்களை மறந்துவிடுகிறார், சில நாள் என்னையே மறந்துவிடுகிறார் என்று தணிந்த குரலில் சொன்னாள். வெர்னிஸ் அந்தக் கையை விலக்கினாள். வெர்னிஸும் இவனோடு குடும்பம் நடத்தியவள்தான். இவன் பொய் சொல்லும்போது ஆளைப் பார்க்காமல் மரத்தைப் பார்ப்பான், கூரையைப் பார்ப்பான், ஆனால் இடது பெருவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே இருப்பான். போர்வையின் மேல் அந்தப் பெருவிரல் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் திட்டவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"செவலை மாடு வந்து சேந்துச்சு, ஹெஸ்கெத். நீதான் வரல."

பெருவிரல் நின்றது. ஈரப்பலா இலை ஒன்று தரையில் விழுந்தது. அவன் பார்வை மரத்திலிருந்து அவள் முகத்துக்கு வந்தது.

"கன்னு போட்டுச்சா?"

"போட்டுச்சு. ரெண்டு."

அவன் அழத் தொடங்கினான். கோணிய வாயால் அழுவது சிரிப்பதுபோல் இருந்தது. தங்கை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். கிஸ்லேன் நின்ற இடத்திலேயே நின்றாள். அவன் எல்லாவற்றையும் மறந்துவிடவில்லை, சில நாள் தன்னை மறந்ததுபோல் இருந்ததும் பொய்யாக இருந்திருக்கலாம் என்று அவளும் அப்போதுதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அது அவள் முகத்தில் தெரிந்தது.

ஏன் என்று வெர்னிஸ் கேட்டாள். அவன் துண்டு துண்டாகச் சொன்னான். அந்தக் கூடம், அந்த விரிப்பு, அடுத்தவன் இருமல். மாடு பிழைத்தால் பிழைக்கட்டும் என்று அவிழ்த்துவிட்டுப் படகில் ஏறியபோது திரும்பி வரத்தான் நினைத்தானாம்.

"அப்புறம் நான் செத்துட்டேன்னு ஆம்ப்ரோஸ் வந்து சொன்னான். செத்தவனா இருக்கிறது சுலபமா இருந்துச்சு, வெர்னி."

"எனக்குச் சுலபமா இல்ல," என்றாள் வெர்னிஸ். "அந்தக் கூடத்துல அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் இருந்தேன். அதே விரிப்பு. கட்டில்ல மட்டும் இடம் கூடிச்சு."

அவன் நல்ல கையை நீட்டினான். அவள் பார்த்தாள், பிடிக்கவில்லை. ஆனால் நகர்ந்தும் போகவில்லை. கிஸ்லேன் உள்ளே போய் மூவருக்கும் டீ கொண்டுவந்தாள். ஹெஸ்கெத்தின் கோப்பையை அவன் கையில் கொடுக்காமல் பக்கத்துத் திண்டில் வைத்தாள். அதை எடுக்க அவன் தடுமாறினான். அவள் உதவவில்லை. வெர்னிஸ்தான் எடுத்துக் கொடுத்தாள், கொடுத்துவிட்டுத் தன் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது கிஸ்லேன் வேலிவரை வந்தாள். இனி என்ன செய்வாய் என்று வெர்னிஸ் கேட்டாள்.

"தெரியல. கோவம் இருக்கு. ஆனா சாயந்திரம் மாத்திரை குடுக்கணுமே," என்றாள் அவள்.

ஊருக்குத் திரும்பியதும் வெர்னிஸ் பாதிரியாரிடம் போய், இந்த வருடத்திலிருந்து ஹெஸ்கெத்தின் பெயரைப் படிக்க வேண்டாம் என்று சொன்னாள். பாதிரியார், துக்கத்தை விட்டுவிட முடிவு செய்தாயா மகளே என்று ஆறுதலாகக் கேட்டார். அவன் உயிரோடு இருக்கிறான் ஃபாதர், பக்கவாதம், மற்றபடி சுகம்தான் என்றாள். அது பேக்கரிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இடோனா வாரக்கணக்கில் அதையே பேசினாள். பெயரைப் படிக்காத அந்த வருடம் ஆம்ப்ரோஸ் சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அவன் கொண்டுவரும் மீனுக்கு வெர்னிஸ் இப்போதெல்லாம் காசைக் கையில் வைத்து அழுத்திவிட்டுத்தான் உள்ளே எடுத்துப்போவாள். அவனும் வாங்கிக்கொள்வான்.

கிஸ்லேன் அவ்வப்போது தொலைபேசியில் கூப்பிடுவாள். அதிகம் பேச ஒன்றும் இருக்காது. மழை, முட்டிவலி, அவன் சாப்பிட்டானா இல்லையா. ஆரம்பத்தில் வெர்னிஸ் ஒவ்வொரு அழைப்பிலும் அவள் ஏதாவது உதவி கேட்கப் போகிறாள் என்று எதிர்பார்த்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஆகஸ்டில் ஒரு நாள் காலையில் கூப்பிட்டாள். அவன் தூக்கத்திலேயே போய்விட்டான், நாளைக்கு அடக்கம் என்றாள்.

"சிலுவைல பேரு எழுதணும், மிஸ் வெர்னிஸ். ஜோசஃப்னு எழுத எனக்கு மனசில்ல. சரியான பேரச் சொல்லுங்க. பொறந்த தேதியும். எங்கிட்ட அவர் சொன்னது எதையும் நம்ப முடியல."

வெர்னிஸ் வராந்தாவில் நின்றிருந்தாள். அன்று வந்த ஜோடி ஒன்று மலையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவள் அவர்களைத் தாண்டி உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். எழுதிக்கொள்ள நேரம் கொடுத்து, பிறகு தேதியைச் சொன்னாள். ஊர் பெயரையும் போடு என்றாள், செயிண்ட் பாட்ரிக்ஸ். கிஸ்லேன் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துக் காட்டினாள். சரியாக இருந்தது.